ஒரு பையின் கணக்கு

ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி பிரித்துக் கணக்கு எழுதிய காலம் ஒன்று இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு பை. ஆக, ஒரு ரூபாய்க்கு 192 பை. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி தசாம்ச நாணயம் அமுலுக்கு வந்ததும், அணாவும் பையும் நம்மிடம் விடைபெற்றுக் கொண்டன. அந்தப் பை உயிரோடிருந்த நாளில் அதற்குச் செட்டிநாட்டில் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, முடிவில் ஐந்தொகை கட்டுவார்கள். அதில் ஒரு பை உதைத்தாலும் மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டியதுதான். பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகிய பையன் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இதுவே.

கடையில் மட்டுமா? கல்யாணம் என்றால் இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களுக்குப் பட்டியல் உண்டு. வைரத் தோடு முதல் வாளி, கரண்டி வரையில் ஏட்டில் ஏறாமல் வீட்டில் ஏறியது எதுவும் இல்லை.

இவ்வளவு கணக்கு எழுதிய நாட்டில், கணக்கே எழுதப்படாத இடம் ஒன்று இருந்தது. அதுதான் அடுப்படி! “பரங்கிக்காய் அல்வாவுக்கு வெல்லம் எவ்வளவு?” என்று கேட்டால், “போடுகிற அளவுக்குப் போட வேண்டியதுதான்” என்பது பதில். “நெய்?” “கண்ணுக்குத் தெரியாதா?” கண்ணுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் மூடிய பிறகு?

இதைப் பற்றி நாம் எண்ணும்படி செய்தது வேறொரு ‘பை.’ இது நாணயப் பை அன்று, தின்கிற பை. கோதுமை மாவையும் வெண்ணெயையும் பிசைந்து தட்டிலே கிண்ணம் போல் பரப்பி, அதற்குள் இனிப்போ காரமோ நிரப்பி, ஓவனில் வைத்துச் சுட்டெடுக்கும் மேல்நாட்டுப் பணியாரத்துக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயர். பரங்கிக்காயை நிரப்பினால் அது பரங்கிக்காய்ப் பை. அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை ‘நன்றி நவிலும் நாள்’ கொண்டாடுகிறார்கள். நமக்குப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் எப்படியோ, அப்படி அவர்களுக்கு அன்று இந்தப் பை.

காரைக்குடிக்கு அடுத்த கோவிலூர், கொற்றவாளீசர் கோயிலாலும் வேதாந்த மடத்தாலும் பெயர் பெற்றது. அந்த ஊரில் நமக்குப் பழக்கமான ஒரு வீட்டில், அமெரிக்காவில் குடியிருக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அங்கே கற்றுக்கொண்ட மாவுக் கிண்ணத்துக்குள், இங்கே தன் அப்பத்தா கிளறும் பரங்கிக்காய் அல்வாவின் பக்குவத்தை அடைத்துச் சுட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தப் பையை நாமும் ருசி பார்த்தோம். ருசியை விட, அவள் அதைச் செய்த விதம் நம்மை அதிகமாகக் கவர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன் பரங்கிக்காயின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால், “பரங்கிக்காய் நம்முடையது, பை அந்நியருடையது, இரண்டுக்கும் என்ன உறவு?” என்று யாரேனும் ஆட்சேபிக்கக்கூடும்.

பரங்கிக்காய் நம்முடையது அல்ல! பெயரிலேயே அதன் ஊர் அடங்கியிருக்கிறது. பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்தது, கடல் கடந்து வந்த போர்த்துக்கீசியரையும் அவருக்குப் பின் வந்த வெள்ளையரையும். அவர்கள் வந்த வழியில் வந்த காய் ஆதலால் பரங்கிக்காய் ஆயிற்று. திருஷ்டி கழிக்க உடைக்கிறோமே, அந்தச் சாம்பல் பூத்த கல்யாணப் பூசணி நமக்குப் பழைய சொந்தம். மஞ்சள் சதையுள்ள பரங்கியோ அமெரிக்கக் கண்டத்தின் குழந்தை. மெக்ஸிகோ தேசத்தில் ஏறக்குறையப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த இனத்துக் கொடிகளைப் பயிரிட்டிருக்கிறார்கள். 1492-இல் கொலம்பஸ் அந்தக் கண்டத்தில் கால் வைத்த பிறகுதான், அது மற்ற நாடுகளுக்குக் கப்பலேறியது.

வந்த விருந்தாளியை நம் பெண்மணிகள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பொங்கல் குழம்பில் சேர்த்தார்கள். பிஞ்சைப் பால் விட்டுக் கூட்டாக்கினார்கள். முற்றியதைப் புளியும் வெல்லமும் போட்டுச் சமைத்தார்கள். அதன் பூவைப் பறித்து, மார்கழிக் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாருக்குச் சூட்டினார்கள். 1947-இல் ஒரு பரங்கியர் போனார்கள். 1961-இல் கோவாவை விட்டு இன்னொரு பரங்கியரும் போனார்கள். பரங்கிக்காய் மட்டும் போகவில்லை. அது நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

இதற்கு ஈடாக நாம் ஒன்றும் கொடுக்கவில்லையா? கொடுத்தோம். அமெரிக்கர்களின் பரங்கிக்காய்ப் பையை வாயில் வைத்தவுடன் முதலில் மணப்பது பரங்கிக்காய் அல்ல. லவங்கப்பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் ஆகிய நான்குந்தான். பட்டை இலங்கையின் செல்வம். இஞ்சி ஆசியாக் கண்டத்துக்கே உரியது. கிராம்பும் ஜாதிக்காயும் கீழ்க்கடலில் உள்ள மலுக்குத் தீவுகளின் சொத்து. நம் பக்கத்துச் சரக்கு அங்கே போயிற்று. அவர்கள் பக்கத்துக் காய் இங்கே வந்தது. வரவுக்குச் செலவு சரி. ஐந்தொகை நேர்! அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கும் பரங்கிக் கூழில் பெரும்பகுதியும், நம் சந்தையில் கீறிப் போட்டு விற்கும் பரங்கியும் தாவர சாஸ்திரப்படி ஒரே இனம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், உறவு இன்னும் நெருக்கமாகிவிடுகிறது.

அந்தப் பையின் சரித்திரத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு பெண்மணி இருக்கிறாள். அவள் பெயர் அமீலியா சிம்மன்ஸ். 1796-ஆம் வருஷம், கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் அவளுடைய சமையல் புத்தகம் அச்சாயிற்று. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் என்று அதைச் சொல்லுகிறார்கள். மாவுக் கிண்ணத்தில் பரங்கிக்காயை நிரப்பிச் சுடும் முறை இரண்டு அதில் இருக்கின்றன. முட்டை ஒன்பது, நேரம் முக்கால் மணி என்று அளவோடு எழுதியிருக்கிறாள். நூலின் முகப்பில் தன்னை ஓர் அநாதை என்று குறிப்பிட்டுக்கொண்டவள் அவள். தனக்கென்று ஒரு குடும்பம் இல்லாதவள் எழுதி வைத்தது, இன்று ஒரு தேசத்துக் குடும்பங்களுக்கெல்லாம் பாட்டியின் பக்குவம் ஆகிவிட்டது. பெரிய வளவும் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் நிறையக் குடும்பம் வைத்திருந்த நம் ஆச்சிமார்களின் பக்குவங்களோ, பல அவர்களோடேயே போய்விட்டன. ஒருத்தி எழுதினாள், மற்றவர்கள் எழுதவில்லை. வேறுபாடு இவ்வளவுதான்.

செட்டிநாட்டில் அன்று எழுத வேண்டிய அவசியம் நேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான மகனை ‘வேறு வைப்பது’ அங்கே வழக்கம். ஒரே வீடுதான், ஆனால் மருமகளுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு. மாமியார் அடுப்புக்கும் மருமகள் அடுப்புக்கும் நடுவே நாலு முழ தூரம். பதம் தப்பினால் ஒரு குரல் கொடுத்தால் போதும், பெரியவர் எழுந்து வந்துவிடுவார். ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்விட, வீடு முழுவதும் பெண்கள் ராஜ்யம். பாட்டி, மாமியார், ஓரகத்தி, நாத்தி என்று இத்தனை புத்தகங்கள் உயிரோடு நடமாடும்போது காகிதப் புத்தகம் எதற்கு?

பிறகு காலம் மாறிற்று. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, நகரத்தார் பலர் கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1960-களில் பர்மா சர்க்கார் பாங்குகளையும் வியாபாரங்களையும் தேசியமயமாக்கிய பின், எஞ்சியிருந்த ஆசையும் போயிற்று. இளைஞர்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும், பிறகு சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தார்கள். இன்று பல பெரிய வீடுகள் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. ஆத்தங்குடிக் கற்கள் பளபளக்கின்றன. ஆனால் இரண்டு அடுப்புக்கு நடுவே இருந்த அந்த நாலு முழ தூரம் ஒன்பதாயிரம் மைல் ஆகிவிட்டது. அங்கிருந்து குரல் கொடுத்தால் யார் எழுந்து வருவார்கள்?

தொலைபேசியில் முகம் பார்த்தே பேசலாம் என்பீர்கள். பேசலாம். “ஒரு கை அள்ளிப் போடு, ஆத்தா” என்று இங்கிருந்து சொல்லலாம். யாருடைய கை என்பதுதான் கேள்வி.

எழுதி வைத்த சில வீடுகளிலும் ஒரு சங்கடம் உண்டு. ‘பரங்கி அரை வீசை, வெல்லம் பத்துப் பலம், பால் ஓர் உரி’ என்று பழைய நோட்டுப் புஸ்தகம் சொல்லும். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இல் நிறைவேறி, 1958 முதல் படிப்படியாக அமுலுக்கு வந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வீசையும் பலமும் வேற்றுப் பாஷை. ஆகையால் பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் இந்த வாய்ப்பாட்டை அதன் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வது நலம்: ஒரு பலம் என்பது மூன்று தோலா, ஏறக்குறைய 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1,400 கிராம், எட்டு வீசை ஒரு மணங்கு. முகத்தலளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. படி மட்டும் ஊருக்கு ஊர் மாறும் குணமுடையது. ஆதலால் வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால், அதில் தண்ணீர் நிரப்பி மில்லி லிட்டரில் அளந்து பார்த்துக் குறித்துக்கொள்வதே உத்தமம். பொதுவாக ஆழாக்குக்கு 168 மில்லி லிட்டர் என்று வைத்துக்கொள்வார்கள்.

இப்போது கோவிலூர்ப் பேத்தியின் யுக்தியைச் சொல்லுகிறோம். அப்பத்தாவுக்கு எண்பது பிராயம். “அளந்து போடுங்கள்” என்றால் அவருக்குக் கை ஓடாது, பக்குவமும் கெட்டுவிடும். ஆகையால் அந்தப் பெண் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சமையல் தொடங்குமுன் வெல்ல டப்பா, நெய்ச் செம்பு, மாவுப் பாத்திரம், பொடி டப்பிகள் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டாள். அப்பத்தா தம் இஷ்டப்படி அள்ளினார், கிள்ளினார், வார்த்தார். முடிந்ததும் ஒவ்வொன்றையும் மறுபடி நிறுத்தாள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் செலவானது இவ்வளவு என்று தெரிந்து போயிற்று.

அப்பத்தா இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அடி ஆத்தா! உங்கள் ஐயா ரங்கூன் கடையில் சரக்கு இருப்புப் பார்த்தது மாதிரியல்லவா பார்க்கிறாய்?” என்றார்.

ஆம், இருப்புப் பார்ப்பதேதான்! ஆரம்ப இருப்பு, முடிவு இருப்பு, வித்தியாசம் செலவு. நூறு வருஷமாக முகப்பில் நடந்த கணக்கு அன்றுதான் அடுப்படிக்குள் நுழைந்தது. ஒரு நாள் அளவு போதாது என்று அவள் மூன்று முறை செய்யச் சொல்லி, மூன்றுக்கும் சராசரி கண்டாள். வெல்லம் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே எடை. ‘கண்ணளவு’ என்பது அளவில்லாமை அல்ல. கண்ணுக்குள் ஒரு தராசு இருந்தது என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

அந்தக் கணக்கை நேயர்களுக்காகக் கீழே தருகிறோம். ஒன்பது அங்குல அகலமும் ஒன்றரை அங்குல ஆழமும் உள்ள தட்டுக்கு இது சரியாயிருக்கும்.

முதலில் மாவு. 175 கிராம் (5 பலம்) கோதுமை மாவில் ஒரு சிட்டிகை உப்பும், குளிர்ந்து கெட்டியாயிருக்கும் வெண்ணெய் 85 கிராமும் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். உள்ளங்கை படலாகாது, பட்டால் வெண்ணெய் உருகி மாவு முறுமுறுப்பை இழந்துவிடும். ரவை போல் ஆனதும் குளிர்ந்த தண்ணீர் மூன்று நான்கு கரண்டி தெளித்துத் திரட்டி, அரை மணி குளிர்ச்சியில் வைத்து, பிறகு பரத்தித் தட்டில் படிய விடலாம். சப்பாத்தி மாவு போல் அழுத்திப் பிசைந்தால் தோல் போல ஆகிவிடும்.

அடுத்தது பரங்கி. நன்றாக முற்றி, சதை செக்கச் செவேலென்று இருக்கும் கீற்றாக ஒரு கிலோ. தோலும் குடலும் நீக்கி ஆவியில் வேகவைக்க வேண்டும். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் நீர் கோத்துக்கொள்ளும். மசித்து, இரண்டு கரண்டி நெய்யில் போட்டு, கூழ் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரையில் கிளறினால், ஏறக்குறைய 420 கிராம் (12 பலம்) நிற்கும். அப்பத்தாவின் ரகசியம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. நீர் வற்றாத பரங்கிக் கூழ் எத்தனை நேரம் சுட்டாலும் இறுகாது.

இதற்கிடையில் ஓர் உரி (670 மில்லி லிட்டர்) பாலை ஓர் உழக்காகச் சுண்டக் காய்ச்சி ஆறவிட வேண்டும். 175 கிராம் வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அதையும் ஆறவிட வேண்டும். சூடான பாலில் வெல்லம் விழுந்தால் பால் திரிந்து போகும் என்பது சர்க்கரைப் பொங்கல் வைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, நான்கு கிராம்பின் பொடி, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. இந்த நான்கும் அமெரிக்கக் கணக்கு. நான்கு ஏலக்காய் அப்பத்தாவின் கணக்கு. எல்லாவற்றையும் பரங்கியோடு கலந்து, இரண்டு முட்டை அடித்துச் சேர்க்க வேண்டியது. முட்டை ஆகாத வீடுகளில், 35 கிராம் சோள மாவை அந்த ஆறிய பாலிலேயே கட்டியில்லாமல் கரைத்துச் சேர்த்தால் அந்த வேலையை அது செய்யும்.

மாவுக் கிண்ணத்தில் வார்த்து, ஓவனில் 220 டிகிரி சென்டிகிரேடில் பதினைந்து நிமிஷம். பிறகு 175 டிகிரிக்குத் தணித்து நாற்பது முதல் ஐம்பது நிமிஷம். ஓரம் இறுகி, நடு மட்டும் தட்டை அசைத்தால் லேசாகத் துளும்ப வேண்டும், அதுவே பதம். ஆறும்போது நடுவும் இறுகிவிடும். ஆகையால் இரண்டு மணி நேரம் கத்தி வைக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாகம்.

ஓவன் இல்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம். பர்மாவில் ரவையும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கிளறி, கீழே நெருப்பும் மூடியின் மேல் தணலுமாக வைத்துச் சுடும் இனிப்பு ஒன்று உண்டு. ‘சனுவின் மகின்’ என்பார்கள். அதே தத்துவம் இதற்கும் பொருந்தும். கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, நடுவில் ஒரு சிறு தாங்கி வைத்து, நன்றாகச் சூடானதும் தட்டை இறக்கி மூடி, மிதமான தீயில் விடலாம். நேரம் சற்றுக் கூடுதலாகும், மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது, ருசிக்குக் குறைவில்லை.

ஒரு பலகாரத்தை எழுதிவிட்டால் கைப்பக்குவம் வந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். வராதுதான். பேரேட்டை வைத்துக்கொண்டு மட்டும் யாரும் வியாபாரி ஆனதில்லை. ஆனால் பேரேடு இல்லாமற்போன கடையை மறுபடி எடுத்து நடத்தவும் முடிந்ததில்லை. எழுத்து கையைக் கொடுக்காது. கை பழகுவதற்கு ஓர் ஆரம்பத்தைக் கொடுக்கும். உறவுப் பெண்கள் ஓயாமல் கேட்டதன் பேரில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ வெளியிட்டார். அதன் உதவியால் எத்தனை தலைமுறைப் பெண்கள், முகம் பார்த்தறியாத அந்த அம்மாளின் கையால் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள்! காரைக்குடியிலிருந்தும் 2014-இல் ‘பங்களா டேபிள்’ என்ற ஆங்கில நூல் செட்டிநாட்டுச் சமையலைத் தாங்கி வந்திருக்கிறது. நல்ல காரியங்கள்தான். ஆனால் அச்சுப் புத்தகம் ஊருக்குப் பொதுவான பக்குவத்தைச் சொல்லும். உங்கள் அப்பத்தா நாலு ஏலக்காய் போட்டாரா, ஐந்து போட்டாரா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதத் தெரியாத பெரியவர்களும் இருக்கலாம். அதனால் பாதகமில்லை. அமீலியா சிம்மன்ஸும் தமக்குப் போதிய படிப்பில்லாமையால் வேறொருவரைக் கொண்டே எழுதுவித்தாள். பேரப் பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்? இதில் பேத்தி என்றும் பேரன் என்றும் பேதம் வேண்டியதில்லை. கணக்கு எழுதுவது ஆண்பிள்ளை வேலை, அடுப்பு பெண்பிள்ளை வேலை என்று பிரித்து வைத்ததனால்தான் அடுப்புக்குக் கணக்கு இல்லாமல் போயிற்று.

ஆகவே நேயர்களுக்கு நமது வேண்டுகோள் இது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புஸ்தகமும் ஒரு சிறு தராசும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் மூத்தவருக்குக் கைவந்த பலகாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவரைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாமல், முன்னும் பின்னும் இருப்புப் பாருங்கள். கிராமில் எழுதுங்கள். தேதி போடுங்கள். முக்கியமாக, செய்தவரின் பெயரை மேலே எழுதுங்கள். பரங்கி எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று அதன் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் பக்குவம் செய்தவர் யார் என்று சொல்ல நோட்டில் ஒரு வரி கூடவா இருக்கக் கூடாது?